தழும்பு தெரியும் காட்சிகள்

அக்டோபர் 19, ஞாயிறு

மாதாவே, சினிமா பார்க்க நானாகப் போய் உட்காரவில்லை, உமக்கே தெரியும். கோவில் ஹாலில் ஜெபமாலை முடிந்து ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, கால்பந்துக் கழகத்து ரீகன் விளக்கை அணைத்துவிட்டுத் திரையை இறக்கிவிட்டான். எழுந்து வரத்தான் பார்த்தேன். கால் மரத்துப் போயிருந்தது. மரத்த கால் சரியாவதற்குள் படம் முடிந்துவிட்டது.

பாதர் கிளீட்டஸ் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் எழுதச் சொன்னார். ஜெபமாலை மாதம் முடியும்வரை அன்றன்றைக்கு என்ன வேண்டிக்கொண்டோம் என்று உமக்கு எழுதி வைக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு ரோணிக்கம் தினமும் 'முட்டுவலி மாற வேண்டும்' என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறாள். எனக்கு அப்படி வராது. மகனைப் பறிகொடுத்த தாய் நீர். உம்மிடம் ஒரு வரியில் என்ன பேச முடியும்?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் வருஷா வருஷம் இந்த மாதத்தில் டூர்ணமெண்ட் நடத்தும். போன ஆடியில் கடல் ஏறி மைதானத்தைத் தின்றுவிட்டது. கோல் போஸ்ட் நின்ற இடத்தில் இப்போது கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் பந்துக்குப் பதில் பந்து சினிமா. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் ஒரு படம். வாசலில் ஒரு வாளி. படம் பிடித்திருந்தால் ஒரு கொண்டைக்கடலை போட வேண்டும், பிடிக்காவிட்டால் ஒரு புளியங்கொட்டை. கடைசியில் அதிகக் கடலை வாங்கிய படத்துக்குக் கைதட்டல். அதிகப் புளியங்கொட்டை வாங்கியதற்குப் பாடை.

பாடை என்றால் நிஜமாகவே மூங்கில் பாடை. தோற்றுப்போன டீமின் கொடியை அதில் கிடத்தி, ஒப்பாரி வைத்து, ஊரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரையில் எரிப்பது எங்கள் பையன்களின் வழக்கம். உலகக் கோப்பை நடக்கும்போது பெரிய பெரிய நாடுகளெல்லாம் எங்கள் தெரு வழியாகப் பாடையில் போயிருக்கின்றன.

இன்றைக்கு வெளிநாட்டுப் படம். ஒருவன் மழையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறான். மழை அழிக்கிறது. மறுபடி போடுகிறான். மேட்ச்சைக் காட்டவே இல்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆட்கள் வருவார்கள் என்று நம்பித்தானே அவன் கோடு போடுகிறான். கடலை போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷைஜா கேட்டாள். "அத்தே, சினிமாவுக்கா போனிய?"

"ஜெபமாலைக்கிப் போனேன்."

"ஜெபமாலையில புளியங்கொட்டையும் கடலையும் எதுக்கு? மடியில இருந்து விழுவுது பாருங்க."

ஷைஜா என் பெபினின் மனைவி. பெபின் என் அண்ணன் மகன். அவனைப் பெற்றுப்போட்ட அன்றே மைனி கண்ணை மூடினாள். அண்ணனும் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. எனக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகவில்லை, அவனை வளர்ப்பதிலேயே வயது போயிற்று. இதெல்லாம் உமக்குத் தெரிந்ததுதான். எழுதிப் பார்த்தால் அவன் பக்கத்து அறையில் இருப்பது போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

சாளை மீன் மலிவு. குழம்பு வைத்தேன், பெபின் பங்குக்கு எடுத்து மூடி வைத்தேன். ஹாலுக்குள் போகவில்லை, வாசலில் நின்றுதான் பார்த்தேன். பெண்பிள்ளைகள் டீம் பற்றிய படம். முழு மேட்ச் ஓடிய பிறகும் ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை, பொட்டு கலையவில்லை. புளியங்கொட்டை.

அக்டோபர் 21, செவ்வாய்

பாதர் வீட்டுக்கு வந்தார். கட்டன் காப்பி கொடுத்தேன். மழை, ரேஷன் அரிசி என்று சுற்றி வளைத்துவிட்டு, "செசிலியம்மா, இந்தக் கல்லறைத் திருநாளுக்காவது அந்தக் காரியத்த முடிச்சிரலாமா?" என்றார்.

அந்தக் காரியம் என்னவென்று சொல்கிறேன். கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் ஊரில் துணியை அடக்கம் செய்வோம். அவன் உடுத்திய ஒரு துணியைப் பெட்டியில் வைத்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி மூடுவது. அந்தத் துணியை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அவன் பிறந்த அன்று முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய கைதான் கொடுக்க வேண்டும். புயல் வருஷத்தில் பெபினோடு ஒரே வள்ளத்தில் போனவர்கள் வீட்டிலெல்லாம் கொடுத்துவிட்டார்கள். பெபினுக்கு முதல் தண்ணீர் ஊற்றியது இந்தக் கை. நான் கொடுக்கவில்லை.

துணி அடக்கம் நடக்காமல் ஷைஜாவுக்கு மறு கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, கோவிலில் வாசிக்க முடியாது. ஆயர் இல்லத்தில் சரி என்றுவிட்டார்களாம், ஊர் வழக்கம் ஒன்றுதான் பாக்கியாம். மீன் லாரி ஓட்டுகிற ஒருவர், மனைவியை இழந்தவர், ஷைஜாவுக்காகக் காத்திருக்கிறார். இந்தத் திருநாளும் தாண்டிவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். அதில் தப்பில்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

"அந்தப் பிள்ளைக்கி முப்பது கூட ஆவல," என்றார் பாதர்.

"அவள நான் கெட்டிப் போட்டா வச்சிருக்கேன்? வாசல் தெறந்துதான கெடக்கு."

"தெறந்து கெடக்கது அவளுக்கா செசிலியம்மா, அவனுக்கா?"

காப்பி ஆறிப்போயிற்று, சூடாக்கிக் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்பு பற்றவில்லை. பற்றிக் காப்பி கொதித்து வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அக்டோபர் 22, புதன்

மாதாவே, இன்றைய படத்தில் செத்துப்போன தகப்பன் ஆவியாக வந்து மகனுடைய டீமுக்கு கோல் காக்கிறான். பந்து கோலுக்குப் பக்கத்தில் வந்து அந்தரத்தில் நிற்கிறது. வெள்ளைப் புகை. ஹாலே சிரித்து உருண்டது. ரோணிக்கம் என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஒரு பந்தைப் பிடிப்பதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியுமென்றால், சோறு தின்ன வர முடியாதா ஒருவனுக்கு?

திரும்பி வரும்போது எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் பந்து அடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் ஓங்கி ஒன்று. சின்ன வயதிலிருந்து பெபின் இடது காலால் அடிக்கிற கணக்கு அது. அந்தச் சுவருக்கு மட்டும் நான் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. சேற்று வட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

"கேக்குதா?" என்று ஷைஜாவிடம் கேட்டேன்.

"புதுக் கல்லுல அல அடிக்குது அத்தே."

"அலைக்கி எடதுகால் உண்டா?"

நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மழை பெய்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

வயிறு சரியில்லை. ஜெபமாலை மட்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் ஒரு சண்டை. பின்வாசலில் கால் கழுவ நான் தினமும் ஒரு வாளித் தண்ணீர் வைப்பேன். கடலிலிருந்து வருகிறவன் மணலோடு உள்ளே வரக் கூடாதென்று அது அவன் சின்னதிலிருந்து உள்ள பழக்கம். ஷைஜா அந்தத் தண்ணீரை எடுத்துத் தன் பாலர் பள்ளிச் சேலையை அலசிவிட்டாள்.

"அது அவனுக்குள்ள தண்ணி," என்றேன்.

"பைப்புல மூணு நாளா தண்ணி வரல அத்தே. எனக்கு மாத்தி உடுத்திட்டுப் போவச் சேல வேணும்."

"வந்து நின்னா என்ன செய்வ?"

"வந்து நின்னா நான் எனக்க கண்ணீரால கழுவி விடுவேன், போதுமா? வந்து நிக்கட்டு, மொதல்ல வந்து நிக்கட்டு!" என்று கத்திவிட்டு, அலசிய சேலையைப் பிழியாமலே கொடியில் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். சேலை நாளெல்லாம் சொட்டிக்கொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கு ரீகன் வந்தான். பெபினும் அவனும் ஒரே டீம், ஒரே வள்ளம். அந்தத் தடவை ரீகனுக்குக் காய்ச்சல், கடலுக்குப் போகவில்லை. இந்த வீட்டுக்கு வந்தால் இன்னும் அவன் நிமிர்ந்து உட்கார மாட்டான்.

"அத்தே, நாளைக்கி ஹாலுக்கு வராண்டாம்."

"ஏன், நான் என்ன செய்தேன்?"

"நாளைக்கிப் 'பந்தாட்ட வேங்கை' போடுதோம்."

தெரியும். முதல் நாள் போர்டு எழுதி வைத்தபோதே பார்த்தேன். எங்கள் ஊர் மைதானத்தில் எடுத்த படம் அது. பெபின் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் லாரி லாரியாக வந்து இறங்கியது. ஹீரோவுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. ஓடவும் தெரியாது. அதனால் ஹீரோவின் முகத்துக்கு ஹீரோ, ஹீரோவின் காலுக்கு எங்கள் பெபின். ஹீரோ சிவப்பு, இவன் கருப்பு. அதனால் காலுக்குப் பவுடர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முட்டுக்குக் கீழே மட்டும் வெள்ளைக்காரனாக வருவான். நாகர்கோவிலில் அந்தப் படம் வந்தபோது நாங்கள் சேலை உடுத்திப் புறப்படுவதற்குள் தியேட்டரில் வேறு படம் மாற்றிவிட்டார்கள். நானும் பார்த்ததில்லை, ஷைஜாவும் பார்த்ததில்லை.

"மோசமான படம் அத்தே. பயலுவ சிரிப்பானுவ."

"சிரிக்கட்டு. சினிமாதான."

"ஒங்களால பாத்துட்டு இருக்க முடியுமா?"

"நான் ஜெபமாலைக்கில்லாடே வாறேன்," என்றேன்.

அக்டோபர் 25, சனி

மாதாவே, இதை மெதுவாக எழுதுகிறேன்.

ஜெபமாலை முடிந்து விளக்கு அணைந்த பிறகு ஷைஜா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து பேச்சில்லை. இன்றும் பேசவில்லை.

படம் மோசம்தான். இத்தனை நாள் பார்த்ததில் இப்படி ஒன்று இல்லை. ஹீரோ தலைமுடியைக் கோதிக்கொண்டே ஓடுகிறான். அவன் முகத்தில் தெளித்த தண்ணீர் வேர்வை மாதிரியும் இல்லை, மழை மாதிரியும் இல்லை. வில்லன் பந்துக்குள் வெடி வைக்கிறான். கடைசி நிமிஷத்தில் ஹீரோ அடித்த பந்து கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கோலுக்குள் விழுகிறது. இந்த சினிமாக்களிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நல்ல படத்தில் முகத்தையும் காலையும் சேர்த்துக் காட்டுவார்கள். மோசமான படத்தில் முகத்தை ஒரு தரம், காலை ஒரு தரம், வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். இது முழுக்க வெட்டு.

ஹீரோ முகம். வெட்டு. கால்.

நான் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தேன். இடது கால் ஆடுசதையில் தழும்பு. பெபினுக்குப் பன்னிரண்டு வயதில் தூண்டில் முள் கிழித்த இடம். காலையில் போட்ட பவுடர் மதியத்துக்குள் வேர்வையில் கரைந்திருக்கும், அந்தப் படக்காரர்கள் கவனிக்கவில்லை. ஹீரோ நடந்து வரும்போது காலில் தழும்பு இல்லை. பந்து காலுக்கு வந்ததும் தழும்பு இருக்கிறது. பந்தை உதைத்துவிட்டு அவன் கை தூக்கும்போது தழும்பு போய்விடுகிறது.

முன்வரிசைப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சின்னப் பையன்கள், அவர்களுக்குப் பெபினைத் தெரியாது. தழும்பு தெரியும்போதெல்லாம் "வந்தாச்சேய்!" என்று ஒரு கூட்டம் கத்தியது. மறையும்போது "போயாச்சேய்!" என்று இன்னொரு கூட்டம். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கச் சேர்ந்துகொண்டது. வந்தாச்சேய். போயாச்சேய். வந்தாச்சேய். ரீகன் பின்னாலிருந்து "லேய், வாயப் பொத்துங்கல" என்று சத்தம் போட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வந்தாச்சேய் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் வந்தான். இடது காலால் பந்தை ஒரு தட்டுத் தட்டி, கொஞ்சம் நிறுத்தி, உள்பக்கமாகத் திரும்புவான். ஒரு காட்சியில் பந்து இல்லை, சும்மா நடந்து போகிறான், குதிகால் கொஞ்சம் வெளியே திரும்பி. அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு அவன் நடக்கிற நடை. எத்தனை நாளாயிற்று அந்த நடையைப் பார்த்து.

இடையிடையே கூட்டத்தைக் காட்டினார்கள். முகத்தில் மஞ்சள் சாயம் அப்பிக்கொண்டு ஊரே நின்று கத்துகிறது. ஹாலில் "அது நான்", "அன்னா எனக்க மச்சான்" என்று ஒரே கூச்சல். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடி அருள்நிறை மரியே சொன்னேன். கால் வராத இடத்தில் எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

படம் முடிந்து வெளியே வரும்போது வாளிக்குப் பக்கத்தில் தள்ளுமுள்ளு. புளியங்கொட்டை மழை மாதிரி விழுந்தது. நானும் போட்டுவிட்டு வந்தேன்.

கோவில் முக்கு தாண்டியதும் ஷைஜா பேசினாள்.

"அத்தே, காலு எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு. மொதக் காட்சியிலயே தெரிஞ்சிட்டு."

"ம்."

"மொகம் மறந்துட்டே வருது."

"போட்டோ தொங்குதில்லா நடுவீட்டுல?"

"போட்டோவுல இருக்கது போட்டோக்காரனப் பாத்த மொகம். என்னப் பாத்த மொகம் போவுது அத்தே. ராத்திரி கண்ண மூடிட்டுத் தேடுதேன். அந்த லாரிக்காரரு சும்மா ஒரு தரம் சிரிச்சாரு, அது நெனப்பு வருது, இவரு வரல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது மாதாவே. கதவை ஏன் ஒழுங்காகச் சாத்தவில்லை, பூனை உள்ளே போயிருக்கும் என்று திட்டினேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

புனித யூதா ததேயு திருநாள். கைவிடப்பட்ட காரியங்களுக்கு அவர்தான் துணை என்பார்கள். அவரிடம் பாயசம் வைத்துக் கேட்டேன். என்ன கேட்டேன் என்பது எனக்கும் அவருக்கும்.

நல்ல வெயில். துணிப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் காயப் போட்டேன். மழைக்கு நடுவில் வெயில் வந்தால் யாரும் செய்கிற வேலைதான் இது, வேறு காரணம் இல்லை. பெபினுடைய கழக பனியன் அடியில் இருந்தது. நீலம், ஒன்பதாம் நம்பர். கடைசி மேட்ச் ஆடிவிட்டு வந்து கழற்றிப் போட்டதை நான் துவைக்காமலே மடித்து வைத்திருந்தேன். வேர்வை வாடை போய்விடக் கூடாதே என்று. முகத்தில் வைத்துப் பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. கழுத்துப் பக்கம், கக்கத்துப் பக்கம், எல்லா இடத்திலும் பார்த்தேன். பாச்சை உருண்டைதான்.

ரோணிக்கம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன செசிலி, வெயிலு கொள்ளுதியா?" என்றாள். பெட்டிக்குள் எறும்பு என்று சொன்னேன்.

அக்டோபர் 30, வியாழன்

கடைசிப் படம் நேற்றே முடிந்துவிட்டது. மலைநாட்டுப் படம். ஒரே ஒரு ஜோடி பூட்ஸை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு காலில் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். ஹாலில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். சிறந்த படம் அதுதானாம். என்னைக் கேட்டால் சுண்ணாம்புக் கோட்டுப் படம்தான் சிறந்தது, ஆனால் யார் கேட்கிறார்கள்.

ரீகன் வந்து படியில் உட்கார்ந்தான்.

"பாடை எந்தப் படத்துக்குன்னு தெரிஞ்சிருக்கும் அத்தே."

"தெரியும்."

"பயலுவகிட்ட இந்த வருஷம் பாடையே வேண்டாம்னு சொல்லட்டா? எனக்கும் நெஞ்சு கேக்கல. மூங்கில் வெட்டப் போனவன கூடத் திருப்பி விளிச்சேன்."

"சினிமாவுக்குத்தான பாடை? ஆளுக்கா கெட்டுதானுவ?"

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "மோசமான படந்தான் அத்தே. நானும் புளியங்கொட்டதான் போட்டேன். பெபின் இருந்து பாத்திருந்தா கைநெறைய வாரிப் போட்டிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது. இந்த வீட்டில் அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஆனா ஒரு காரியம் உண்டு. வாளியக் கவுத்துப் பெறக்கும்போது அத்தன புளியங்கொட்டைக்கி நடுவுல ரெண்டு கடல கெடந்துது. ஒண்ணு ஆருக்கன்னு எனக்குத் தெரியும். மத்தது ஆரு போட்டது?"

உள்ளே ஷைஜா தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் மிஷின் நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் மறுபடி ஓடியது.

அக்டோபர் 31, வெள்ளி

ஜெபமாலை மாதம் முடிந்தது. இன்று மிளகாய் வறுத்து இடித்தேன். ஷைஜா சல்லடை பிடித்தாள். இரண்டு பேரும் தும்மினோம், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், யார் எதற்கென்று கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 1, சனி

பாதர் கேட்டது போன மாதத்துக்கு மட்டும்தான். ஆனால் இன்று நடந்ததை உமக்குச் சொல்லாமல் படுக்க முடியாது.

சாயங்காலம் பாடை கிளம்பியது. முன்னால் தகர டப்பா அடிப்பவர்கள், பின்னால் அம்மைமார் சேலையை உடுத்திக்கொண்ட தடியன்கள். பாடையில் அந்தப் பட போஸ்டரைக் கிடத்தியிருந்தார்கள், ஹீரோ முகம் வானத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தெரு முக்கிலேயே ஒப்பாரி கேட்டது.

"ஐயோ எனக்க ராசா, காலுக்குப் பவுடரு போட்ட ராசா! கலங்கரவெளக்கச் சுத்தி கோல் அடிச்ச ராசா! எங்கள இப்பிடிக் கொட்டாவி விட வச்சிட்டுப் போனியே!"

ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நன்றாகவே பாடினார்கள். ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்தது. ரோணிக்கம் வீட்டு வாசலில் அவள் மாரடித்து அழுவது போலக் காட்டியதற்கு ஒரே கைதட்டல். அப்புறம் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. டப்பா இல்லை, பாட்டு இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். ரீகன் சொல்லி வைத்திருக்கிறான்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் சத்தம், எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லையா? இத்தனை வருஷமாக இந்த வீட்டைக் கண்டால் இப்படித்தான் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களைத் திட்டத்தான் வெளியே போனேன் மாதாவே. வேறு எண்ணம் இல்லை. பனியன் கையில் இருந்தது, ஏனென்றால் மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ல பாட்ட நிப்பாட்டிட்டிய? எங்க வாசல் என்ன பாவம் செய்தது?"

சேலைக்காரத் தடியன் ஒருவன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கீழ வையுங்க," என்றேன். வைத்தார்கள். ஹீரோ என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பனியனை விரித்து அவன் முகத்தின் மேல் போட்டேன். கையை இரண்டு பக்கமும் நீட்டி, சுருக்கம் நீக்கி, குளிப்பாட்டிய பிள்ளையைத் துண்டில் கிடத்துவது போலக் கிடத்தினேன். கை தானாகச் செய்தது. "இவனுக்க மொகத்த மூடுங்கல மொதல்ல," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒன்பதாம் நம்பரைப் பார்த்ததும் ரீகன் தொப்பியைக் கழற்றிவிட்டு முட்டுக்குத்தி நின்றான். சேலை உடுத்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைக் களைந்து சுருட்டினார்கள். அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஷைஜா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் அழ விடாத அழுகையை அழுதாள். ரோணிக்கம் ஓடி வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். இந்த முறை மாரடித்துக் காட்டவில்லை.

பாடையின் முன் மூங்கிலைப் பிடித்திருந்த பையன் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டான். "அத்தே, கடக்கரைக்கா... கோவிலுக்கா?"

கடற்கரை என்றால் விளையாட்டு. எரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"கோவிலுக்கு," என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

பாதர் பெட்டியைத் திறந்து பிடித்தார், பனியனை நான் என் கையால் வைத்தேன். போஸ்டரை ரீகன் முன்னாடியே உருவி எடுத்துவிட்டான். குழிக்குள் முதல் பிடி மண்ணை ஷைஜா போட்டாள். மழை தூறியது. எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி அணைந்து அணைந்து எரிந்தது. முதல் தடவையாக நானும் ஒன்று கொளுத்தினேன், என் பக்கத்தில் நின்றவர்கள் கையால் காற்றை மறைத்துக்கொடுத்தார்கள்.

ஓலை அடுத்த மாதம் வாசிக்கலாம் என்றார் பாதர்.

சாயங்காலம் சுவரில் பந்துச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். ஷைஜாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 3, திங்கள்

இன்று எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஷைஜா பள்ளியிலிருந்து வந்தாள், கன்னத்தில் மஞ்சள் பெயிண்ட். குழந்தைகள் சூரியன் வரைந்தார்களாம், ஒரு வாண்டு டீச்சர் முகத்திலும் வரைந்துவிட்டது. தண்ணீரில் கழுவினால் போகவில்லை. "இங்க வா," என்று உட்கார வைத்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அவள் காதோரம் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அத்தே? என்னாச்சு?"

"ரீகன் வீட்டுல இருக்கானா பாரு. அந்தப் படத்த அவன் அழிச்சிரலியேன்னு கேளு. ஓடு."

அவள் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன் மாதாவே. அந்தப் படம் எடுத்த கடைசி நாள் சாயங்காலம், பெபின் தொண்டை கட்டி, காதுக்குள்ளெல்லாம் மஞ்சள் சாயத்தோடு வந்து இதே இடத்தில் உட்கார்ந்தான். நான் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். "கால் வேல மதியத்தோட முடிஞ்சிட்டு அத்தே," என்றான். "பெறகு ஆளு காணாதுன்னு சாயத்தப் பூசி என்னையும் கூட்டத்துல ஏத்தி விட்டானுவ. எனக்க காலுக்கு நானே நின்னு கைதட்டினேன்."